மொட்டை மாடியில் பீம் ஆன்டெனா: ஏற்றுவதற்கு முன்

ஹாம் ரேடியோ உரிமம் கைக்கு வந்து சில மாதங்கள் ஆனால் பலருக்கும் ஓர் ஆசை தட்டும். தென்னைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே இழுத்துக் கட்டிய டைபோல் ஒயர் சலித்துப்போகும். வேண்டிய திசைக்குத் திருப்பிப் பேசும் பீம் ஒன்று மாடியில் நின்றால் ஜப்பானும் பிரேசிலும் எட்டிவிடும் என்று மனம் கணக்குப் போடும். கணக்கு சரிதான். மூன்று எலிமென்ட் பீம், கொடுத்த சக்தியை ஒரு திசையில் குவித்து, ஏறக்குறைய ஐந்து மடங்கு பலத்தோடு அனுப்பும். பின்னாலிருந்து வரும் இரைச்சலையும் நன்றாகக் குறைத்துவிடும்.

பீம் என்று ஹாம்கள் சொல்வது பெரும்பாலும் யாகி ஆன்டெனாவைத்தான். 1926இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் உலகுக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் நின்ற டிவி ஆன்டெனாவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. அதனால்தானோ என்னவோ, ‘ஒரு ஆன்டெனாதானே, ஏற்றிவிடலாம்’ என்ற அலட்சியம் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிவி ஆன்டெனாவின் குழாய்கள் சில அடி நீளமே. 14 மெகாஹெர்ட்ஸ், அதாவது 20 மீட்டர் பேண்டுக்கான பீமில் ஒவ்வோர் எலிமென்டும் 10 மீட்டர், 33 அடி. அந்த நீளத்துக்கு மூன்று அலுமினியக் குழாய்களை பூம் என்ற ஒரு நடுத்தண்டில் மாட்டி, மோட்டார் வைத்துச் சுழற்றுகிறோம். இது வீட்டுச் சாமான் என்ற நிலையைத் தாண்டிவிட்ட ஒரு கட்டுமானம். சட்டமும் காற்றும் மின்சாரமும் இதைக் கட்டுமானமாகவே பார்க்கின்றன.

உரிமம் எதற்கு, மாடி யாருடையது

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள வயர்லெஸ் திட்டமிடல் பிரிவுதான் நம் நாட்டில் அமெச்சூர் உரிமம் தருகிறது. 12 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் யாரும் தேர்வு எழுதலாம். மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி; மோர்ஸும் தேறிய ஜெனரல் கிரேடுக்கு வி.யு.2. விண்ணப்பம் இப்போது சரல் சஞ்சார் இணையதளம் வழியாகவே போகிறது. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில், எந்த முகவரியிலிருந்து ஒலிபரப்பலாம் என்பதை உரிமம் சொல்கிறது. முகவரி மாறினால் அங்கே தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும். உரிமம் வருவதற்கு முன்பே ஆன்லைனில் வாக்கி-டாக்கி வாங்கி மாடியில் பீமையும் மாட்டிவிடும் உற்சாகிகள் உண்டு. அனுமதியில்லாமல் ஒலிபரப்புக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டக் காலத்து நிலை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதற்குத் தண்டத்தொகை வைத்திருக்கிறது. கருவி முதலில், காகிதம் பிறகு என்பது கதைக்கு ஆகாது.

காகிதம் இருக்கிறது, மாடி? உரிமத்தில் மாடியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. யூடியூபில் அமெரிக்க ஹாம்களின் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. அங்கே 1985இல் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. உள்ளாட்சிகள் ஹாம் ஆன்டெனாக்களுக்கு நியாயமான இடம் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அந்த உத்தரவே குடியிருப்புச் சங்கங்களின் தனி ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தாது. அப்படி ஓர் உத்தரவே இல்லாத நம் ஊரில், ‘மத்திய அரசு உரிமம் கொடுத்திருக்கிறது, நீங்கள் யார் தடுக்க’ என்று அடுக்குமாடிச் சங்கச் செயலாளரிடம் வாதாடுவது வீண். ஒலிபரப்பும் உரிமை வேறு, மாடியைப் பயன்படுத்தும் உரிமை வேறு.

தனி வீடு, சொந்தப் பத்திரம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதி, சுழலும் எலிமென்ட் பக்கத்து மனைக்கு மேலே போகிறதா என்பது. உங்கள் மனைக்கு மேலுள்ள வெளி உங்களுடையது. அவர் மனைக்கு மேலுள்ளது அவருடையது. ஒரு அடி நீட்டிக்கொண்டிருந்தாலும் அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். 20 மீட்டர் பேண்டின் மூன்று எலிமென்ட் பீமுக்குப் பூம் 6 மீட்டர் என்று வைத்தால் சுழற்சி வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 5.8 மீட்டர் வரும். வட்டத்தின் குறுக்களவு 11.6 மீட்டர். ஒரு கிரவுண்டு மனையின் 40 அடி அகலம் 12.2 மீட்டர்தான். நட்ட நடுவில் நிறுத்தினால் தப்பிக்கலாம். அரை கிரவுண்டில் முடியவே முடியாது. 28 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு இறங்கினால் எலிமென்ட் 5 மீட்டராகச் சுருங்கி, சுழற்சி ஆரமும் 3 மீட்டருக்குள் அடங்கிவிடும். நகரத்து மனைக்கு இதுவே என் பரிந்துரை. சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும் தூரம் யாரையும் குறைப்பட வைக்காது.

அடுக்குமாடியில் மொட்டை மாடி பொதுப்பகுதி. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பொதுப்பகுதிகளின் பட்டியலில் மாடியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மேல்தளத்து வீட்டை வாங்கியவருக்கு ‘மாடி உரிமையும் உங்களுக்குத்தான்’ என்று பில்டர் வாயால் சொல்லியிருப்பார். கிரயப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, மற்ற வீட்டுக்காரர்களின் பத்திரங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் பேச்சு வேறு, எழுத்து வேறாக இருக்கும். எனவே சங்கத்தின் பொதுக்குழுவில் விஷயத்தை வைத்து, தீர்மானமாக எழுதி வாங்குவதே வழி. செயலாளர் மாடிப்படியில் தலையசைத்தது அனுமதி ஆகாது. அடுத்த தேர்தலில் செயலாளர் மாறிவிடுவார்.

சங்கங்கள் மறுப்பதற்கான உண்மைக் காரணம் பல இடங்களில் கதிர்வீச்சுப் பயமாக இருப்பதில்லை. தளம் ஒழுகும் என்ற பயம்தான். தட்டோடு பதித்த தளத்தைத் துளையிட்டு ஆணி அறைந்தால் ஐப்பசியில் மேல்வீட்டுக் கூரை நனையும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அதில் தப்பும் இல்லை. தீர்மானத்தில் எங்கே அடித்தளம், எப்படி நீர்க்காப்பு, ஒழுகினால் யார் செலவு, வீட்டை விற்றால் யார் கழற்றுவது என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். எதிர்ப்பு பாதியாகக் குறைந்துவிடும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இன்னும் சுருக்கம்: 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எதையும் எழுப்பக்கூடாது.

விமான நிலையத்தின் அருகே வசிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2015ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் வரை பேசுகின்றன. விமான நிலைய ஆணையம் வெளியிடும் வண்ண வரைபடத்தில் உங்கள் இடத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச உயரத்தைப் பார்க்கலாம். அந்த உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது; ஆன்டெனாவின் நுனியும் இடிதாங்கியின் நுனியும் அதற்குள் அடங்க வேண்டும். மீனம்பாக்கத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் சுற்றியுள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மின்கம்பி

2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் ஒன்று உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேருக்கும் ஆன்டெனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உயரமான ஒரு பொருளைப் பலர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போகும்போது எல்லார் கண்ணும் பொருளின் மேல்தான் இருக்கும். கம்பியைப் பார்க்க ஒருவர் என்று யாரும் ஒதுக்கப்படுவதில்லை. ஆன்டெனா ஏற்றும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் அப்படித்தான். நான்கு நண்பர்கள் ஜி.ஐ. பைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பைப்பின் நுனி எதைத் தொட்டாலும் நால்வரையும் சேர்த்தே பிடிக்கும்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் கட்டடத்துக்கும் மின்கம்பிக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளியை வகுத்துள்ளன. வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பி, தட்டையான மாடியிலிருந்து செங்குத்தாக 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 11,000 வோல்ட் கம்பிக்குச் செங்குத்தாக 3.7 மீட்டர். இந்த அளவுகள் அசையாமல் நிற்கும் சுவருக்கானவை. விழக்கூடிய, சுழலக்கூடிய பொருளுக்கு இவை போதாது.

ஹாம்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் கணக்கு வேறு. மாஸ்டின் (பீமைத் தாங்கும் கம்பத்தின்) உயரம், அதோடு சுழற்சி ஆரம், அதற்கு மேல் இன்னும் 3 மீட்டர். இத்தனையும் கூட்டி மாஸ்டின் அடியிலிருந்து ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் எந்த மின்கம்பியும் வரக்கூடாது. மாடிக்கு மேல் 6 மீட்டர் மாஸ்ட், 5.8 மீட்டர் ஆரம் என்றால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 15 மீட்டர். நகரத் தெருக்கள் பலவற்றின் அகலம் அதில் பாதிதான். எதிர்வீட்டு இணைப்புக் கம்பியும் வட்டத்துக்குள் விழும். மாடி விளிம்பைத் தாண்டிச் சரிந்தால் கீழே இறங்கி இன்னும் தூரம் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தக் கணக்கில் தேறாத இடம் என்றால் சிறிய பீம், அல்லது குட்டையான மாஸ்ட். ‘ஸ்டே கம்பி பலமாக இருக்கிறது, விழாது’ என்ற பதிலை சென்னையைத் தாக்கிய வர்தா புயல் ஏற்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு விதியும் உண்டு. மின்பாதைக்கு அருகே நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ ஏதேனும் கட்டமைப்பை எழுப்ப நினைப்பவர் மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கம்பியை மாற்றியமைக்க வேண்டியிருந்தால் செலவு எழுப்புபவருடையது. மாறாக, விதிப்படி கட்டிய வீட்டுக்கு மிக அருகே பிறகு கம்பி இழுத்திருந்தாலோ, கம்பி தொய்ந்து இறங்கியிருந்தாலோ, சரிசெய்யக் கேட்பது உங்கள் உரிமை. பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்னகம் 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதியலாம். பதில் வராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர்.

ஏற்றும்போது மாஸ்ட் கம்பிப் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். அலுமினியம் போனால் வாங்கலாம். கம்பியில் விழுந்து கிடக்கும் ஆன்டெனாவைக் கழியாலோ கயிற்றாலோ இழுக்காதீர்கள். ஈரக் கயிறும் ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். அருகில் நிற்பவர் கால்களை ஒட்டிவைத்துச் சிறுசிறு அடியாக நகர்ந்து விலக வேண்டும். மின்னகத்துக்கும் 112க்கும் சொன்னபின், மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று லைன்மேன் வாயால் கேட்கும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

திருத்தத் திருத்த ஆபத்து

பீமை ஏற்றிய முதல் நாளிலேயே வேலை முடிவதில்லை. எலிமென்ட் நீளம் சில சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் நிலையலை விகிதமான எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். பின் எலிமென்டான ரிஃப்ளெக்டர் நடு எலிமென்டைவிட ஏறக்குறைய 5 சதவீதம் நீளம், முன் எலிமென்டான டைரக்டர் அதே அளவு குட்டை என்பது ஆரம்பக் கணக்கு. பக்கத்திலுள்ள தண்ணீர்த் தொட்டியும் சோலார் தகடும் இரும்புப் படியும் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் குழாய்களை கிளாம்பைத் தளர்த்தி நீட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருவர் மேலே ஏறுகிறார். முதல் முறை கயிறு கட்டி, ஹெல்மெட் போட்டு ஏறியவர், ‘ஒரு நிமிஷ வேலை’ என்று பிறகு வெறுங்காலோடு ஏறுவார். விழுவது அப்போதுதான்.

ஆகவே திருத்தும் வசதி மாஸ்டில்தான் முதலில் இருக்க வேண்டும். அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும் மாஸ்ட், கூடுதல் செலவுக்குத் தகுந்தது. கை வின்ச் வைத்து உயர்த்தி இறக்கும் அடுக்குக் கோபுரமும் நல்லதே. ஆனால் அது நீண்டு நிற்கும்போது யாரும் அதில் ஏறவே கூடாது. கேபிள் அறுந்தால் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். நடுவே கையோ காலோ இருந்தால் துண்டாகும். எலிமென்ட் நீளத்தையே கீழேயிருந்து மோட்டார் மூலம் மாற்றும் பீம்களும் சந்தையில் உண்டு. குழலுக்குள் செம்புக் கலவைத் தகடு நாடாபோல் நீண்டு சுருங்கும். விலை நெஞ்சைப் பிடிக்கும். ஏணி வேலை மிச்சம்.

திசை திருப்ப ரோட்டேட்டர் வைப்பவர்கள் கோஆக்சியல் கேபிளில் சுற்றுக்குத் தேவையான தளர்வை விட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் மோட்டாரே கேபிளை முறுக்கிப் பிய்த்துவிடும். மாஸ்டின் அடியில் கயிறு கட்டிக் கையால் திருப்பும் நம்மூர் முறைக்கு ஹாம்களிடையே கிண்டல் உண்டு என்றாலும், சிறிய பீமுக்கு அது தாராளமாகப் போதும்.

காற்றைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. இந்தியத் தரநிலை 875இன் மூன்றாம் பாகம் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரை வைத்திருக்கிறது, கோவைக்கு 39. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரும் 140 கிலோமீட்டரும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். காற்றுக்கு அரைச் சதுர மீட்டர் முகம் காட்டும் பீமைச் சென்னையில் 76 கிலோ எடை பக்கவாட்டில் இழுப்பதுபோல் காற்று இழுக்கும். கோவையில் 46 கிலோ. அந்த இழுப்பு 6 மீட்டர் உயரத்திலிருந்து அடியை நெம்புகிறது. கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் கிளாம்ப் போட்டால் சுவரே பெயர்ந்து தெருவில் விழும். அதன்கீழ் யார் போவார்கள் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பிடிமானம் தூணிலோ கான்கிரீட் உத்திரத்திலோ இருக்க வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய வரைபடம், சங்கத்தின் வாயை அடைக்கவும் உதவும், பிறகு ஏதாவது நேர்ந்தால் நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கும் சான்றாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் பீமை இறக்கிக் கட்டிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஸ்டே கம்பியை உள்ளுக்குள்ளேயே தின்னும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வீண்செலவு ஆகாது.

இடிக்குத் தனியே பயப்படுவோர் அதிகம், செய்வோர் குறைவு. மாஸ்டை மண்ணில் இறக்கிய தரைமுனையோடு தடித்த செம்புப் பட்டையால், வளைவில்லாமல் இணைக்க வேண்டும். ஆன்டெனாவின் எர்த்தும் வீட்டு மின்சார எர்த்தும் தனித்தனியாகத் தொங்கக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்படாவிட்டால் மின்னல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உங்கள் கருவி வழியாகத்தான் பாயும். புனேயிலுள்ள வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி அக்கம்பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கிறது. எச்சரிக்கை வருமுன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடும் பழக்கம் எல்லாக் காப்புச் சாதனங்களையும்விட மலிவு. இடி முழங்கும்போது கழற்றப் போவது மட்டும் வேண்டாம்.

பக்கத்து வீட்டாரின் கேள்விகள்

பீமைப் பார்த்ததும் அண்டை வீட்டார் செல்போன் கோபுரம் என்றே நினைப்பார்கள். வாடகை வாங்கிக்கொண்டு டவர் வைக்க விட்டுவிட்டார் என்ற பேச்சு இரண்டு தெரு தாண்டும். கோபுரத்துக்கான விதிகள் தொலைபேசி நிறுவனங்களுக்கானவை. ஹாமுக்கு அவை பொருந்தாது. ஆனால் கேட்பவரிடம் ‘உங்களுக்குப் புரியாது’ என்று சொல்வதைவிட உரிமத்தின் நகலைக் காட்டி, எத்தனை வாட், எவ்வளவு நேரம் என்று சொல்வது பலன் தரும். அவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

எண்ணிக்கையில் பார்ப்போம். ரெஸ்ட்ரிக்டட் உரிமக்காரரின் சிற்றலை (எச்.எஃப்.) உச்சவரம்பு 50 வாட். ஐந்து மடங்கு குவிக்கும் பீமின் நேர் எதிரே 10 மீட்டர் தூரத்தில், 28 மெகாஹெர்ட்ஸில், சதுர மீட்டருக்கு 0.2 வாட் வரும். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு அந்த அலைவரிசையில் ஏறத்தாழ 2 வாட். பத்தில் ஒரு பங்கு. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் செல்போன் கோபுரங்களுக்கு விதித்ததும் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்குதான். பேச்சின் நடுவே மௌனங்கள் உண்டு, பாதி நேரம் கேட்டுக்கொண்டிருப்போம் என்பதையும் சேர்த்தால் சராசரி இன்னும் இறங்கும்.

ஆனால் அதே பீமை எதிர்வீட்டு பால்கனிக்கு நேராக, 5 மீட்டர் தூரத்தில் வைத்தால் கணக்கு நான்கு மடங்காகும். தரையும் சுவரும் எதிரொளித்தால் அதற்கு மேல் இன்னும் நான்கு மடங்குவரை ஏறலாம், வரம்பைத் தாண்டிவிடும். ஜெனரல் உரிமக்காரர் 400 வாட் போட்டால் 10 மீட்டரிலேயே இந்த நிலை. ஆகவே ‘ஹாம் ரேடியோவால் ஒன்றும் ஆகாது’ என்பதும் ‘புற்றுநோய் வரும்’ என்பதும் இரண்டுமே அளக்காத பேச்சு. பீம், மனிதர்கள் நிற்கும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்; மாடியில் துணி காயப்போட யாராவது வந்தால் மைக்கை விடுங்கள். கடையில் வரும் எச்.எஃப். கருவிகள் பெரும்பாலும் 100 வாட் தருபவை. வி.யு.3காரர் குமிழைக் குறைத்துவைக்கக் கடமைப்பட்டவர்.

அக்கம்பக்கத்துச் சண்டைகள் பெரும்பாலும் குறுக்கீட்டால்தான் வெடிக்கின்றன. சீரியல் நேரத்தில் டிவி கட்டம் கட்டமாக உடையும். ஹோம் தியேட்டரில் உங்கள் குரல் கேட்கும். குறை உங்கள் கருவியிலா, அவருடைய மலிவான பெருக்கியிலா என்று கண்டுபிடிக்க எளிய வழி: உங்கள் வீட்டு டிவியில் அதே கோளாறு வருகிறதா பாருங்கள். வந்தால் லோ-பாஸ் ஃபில்டர் போடுவது உங்கள் வேலை. வராவிட்டால் அவர் ஸ்பீக்கர் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்க்கலாம். அதை நீங்களே வாங்கிக் கொடுத்தால் தெருவில் பெயர் நிலைக்கும். புகார் வந்த நேரங்களையும் நீங்கள் ஒலிபரப்பிய நேரங்களையும் பதிவேட்டில் குறித்துவைப்பது பின்னால் உதவும். நீங்கள் கருவியையே தொடாத நாளிலும் டிவி படம் உடைந்தது என்று தெரிந்ததும், பல வழக்குகள் அந்தப் பதிவேட்டோடு முடிந்துவிடும்.

குறுக்கீடு எதிர்ப்பக்கமாகவும் வரும். தெருமுனை மின்கம்பத்தில் விரிசல் விட்ட இன்சுலேட்டரின் படபடப்பும் மலிவு எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சலும் ஹாமின் காதை அடைக்கும். இன்சுலேட்டருக்கு மின்வாரியத்தில் புகார். காரணம் தெரியாத, விடாத குறுக்கீடு என்றால் மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. சென்னையிலும் அதற்கு நிலையம் உண்டு. உரிமம் பெற்ற நிலையம் அங்கே எழுதிக் கேட்கலாம்.

பிரச்சினை முற்றினால்

சங்கம் காரணம் சொல்லாமல் மறுத்தால் பதிலை எழுத்தில் கேளுங்கள். அனுமதித்த பின் கேபிளை அறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அனுமதித் தீர்மானத்தின் நகல் அப்போது தேவைப்படும். பக்கத்து வீட்டுக்காரராக நீங்கள் இருந்து, மாஸ்ட் உங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்து ஆபத்தாக நின்றால், முதலில் புகைப்படத்தோடு எழுத்தில் அவருக்குத் தெரிவியுங்கள். அசையாவிட்டால் உள்ளாட்சி அலுவலகத்திலும், மின்கம்பி சம்பந்தப்பட்டிருந்தால் மின்வாரியத்திலும் மனு. தெருவில் போவோர்மீது விழும் நிலை என்றால், பொதுத்தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் நிர்வாக நடுவருக்கு உண்டு. நீங்களே ஏறிக் கழற்றக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

இருவரும் பேசித் தீர்க்க விரும்பினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். கட்டணமில்லா எண் 15100. அண்டை வீட்டுச் சண்டைக்கு முன்சீப் கோர்ட்டைவிட இது எவ்வளவோ மேல். நாளையும் அதே தெருவில்தான் இருவரும் பால் வாங்க வேண்டும்.

ரோட்டேட்டர் மூன்றாம் மாதமே பல் உடைந்தால், மாஸ்ட் போட்டுக் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட கனத்துக்குக் குறைவான பைப்பை வைத்திருந்தால், அது நுகர்வோர் வழக்கு. பில் இல்லாமல் வாங்கும் ஹாம் சந்தைப் பழக்கம் இங்கேதான் காலை வாரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைப் பிடியுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மின்விபத்தில் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்கீழ் மின் ஆய்வாளர் விசாரிப்பார். அவர் வரும்வரை பைப்பையும் கம்பியையும் இடம் மாற்றாமல் படம் எடுத்து வையுங்கள். இழப்பீட்டு வாதம் முழுதும் அந்த இடைவெளி எத்தனை மீட்டர் என்பதில்தான் நிற்கும்.

இவ்வளவும் வாசித்துவிட்டு பீமே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானின் தொடர்புகளை அறுத்தபோது, ஹாம் பயணமாக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேயரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்குக் கடத்திக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நாளுக்காகவே ஒரு தெருவில் ஒரு நல்ல ஆன்டெனா இருப்பது எல்லாருக்கும் நல்லது. சங்கத்துக்கு எழுதும் மனுவில் இதையும் சேருங்கள். பேரிடர் நேரத்தில் இந்த நிலையம் குடியிருப்புக்குப் பயன்படும் என்று உறுதி கொடுங்கள்.

அனுமதி கிடைக்கவே இல்லையா? 145 மெகாஹெர்ட்ஸில் எலிமென்ட் ஒரு மீட்டர்தான். 435இல் ஓர் அடிக்குச் சற்று மேல். மரச்சட்டத்தில் அளவுகோல் நாடாவைக் கத்தரித்து ஒட்டி ஒரு யாகியைச் செய்து, கையில் பிடித்து மாடியில் நின்றே வான்நோக்கித் திருப்பலாம். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும் பத்து நிமிடத்தில் 145.800 மெகாஹெர்ட்ஸில் அங்கிருந்து வரும் குரல் கேட்கக்கூடும். மாஸ்ட் வேண்டாம், ஸ்டே கம்பி வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். பதிலுக்குப் பேசுவதானால் உரிமம் வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு அருகே பின்னோக்கி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் உடன் வேண்டும்.